குமரியில் வெளிமாநிலத் தொழிலாளர்களும் நம்ம கோவில்களும்: கேள்வி பதில்

சத்தீஸ்கர் மாநிலம் பிலாயில் 19 வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். இந்தி தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் பங்குச் சாமியார் என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டார். எங்களுடையது கடற்கரையில் இருக்கும் கத்தோலிக்கப் பங்கு. கோவில் என்று நான் சொல்வது தேவாலயத்தைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவேன். தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கப் போடும் கல் தடுப்பு) வேலை, ஐஸ் பிளான்ட், மீன்பிடிப் போட்டு (படகு), கொத்து வேலை என்று வந்திருக்கும் வெளிமாநிலப் பிள்ளைகள் தாள்களோடு வருவார்கள். இந்த வேலை பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அக்கா, கிறிஸ்துமஸுக்கு பிரியாணிப் பொதியும் போர்வையும் கொடுத்து ஒரு போட்டோ. இதைத் தாண்டி சபைகள் என்ன செய்கின்றன? (தக்கலை)

போட்டோ விஷயம் உண்மைதான், தம்பி. நம்மூர்ப் புழுக்கத்துக்குப் போர்வை எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். மேசைக்கு வருகிறவர்கள் போர்வை கேட்பதே இல்லை. சம்பளப் பாக்கி, முடங்கிப்போன வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன், இவற்றுக்குத்தான் வருகிறார்கள்.

ரேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டது. ஒடிசாக்காரர் தன் ஊர் கார்டு எண்ணைச் சொல்லி, இங்கே கைரேகை வைத்து, தன் பங்கு அரிசியை வாங்கலாம். மீதியை ஊரில் மனைவி வாங்கிக்கொள்வார். ஆனால் தனியாகப் போனால் கடையில் ‘சர்வர் இல்ல, நாளைக்கு வா’ என்பார்கள். ஊர்க்காரர் ஒருவர் கூட நின்றால் சர்வர் வந்துவிடும்! எங்கள் பாதி வேலை இப்படிக் கூடப் போய் நிற்பதுதான்.

மருந்துக்கு வேறு வழி வைத்திருக்கிறேன். சீட்டில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும், இவர்களுக்கு இரண்டும் தெரியாது. மாத்திரை அட்டையின் பின்னால் பேனாவால் ஒரு சூரியன், ஒரு நிலா வரைந்து கொடுப்பேன். சாப்பாட்டுக்கு முன் என்றால் பக்கத்தில் ஒரு காலித் தட்டு.

எங்க செங்கல் சூளையில மூணு குடும்பம் இருக்கு. பிள்ளைங்களுக்கு டி.சி.யும் இல்ல, ஆதாரும் இல்ல. பள்ளிக்கூடத்துல சேர்ப்பாங்களா? (ஆரல்வாய்மொழி)

சேர்க்கவேண்டும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2018-ல் சொல்லிவிட்டது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்காரவைக்க வேண்டும். பத்து வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் போட்டால் ஒரே வாரத்தில் நின்றுவிடுவான்.

சேர்ப்பது சுலபம், தொடர்ந்து போகவைப்பதுதான் பாடு. மாலையில் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பக்கத்துச் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். சூளை முதலாளியான நீங்களே கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

நேராவே கேக்கேன். உதவி செய்யது மதம் மாத்தத்தானே? (மண்டைக்காடு)

நேராகக் கேட்டதே நல்லது. 1982-ல் உங்கள் ஊரில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். அரிசியோடு கைப்பிரதி கொடுக்கிற ஆட்களே கிடையாது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். எங்கள் மேசையில் அது கூடாது. உதவி கேட்டு நிற்பவனிடம் சாமியைப் பற்றிப் பேசினால் அவனால் ‘வேண்டாம்’ என்று சொல்லமுடியுமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வரும் ஆதிவாசிப் பிள்ளைகளில் பலர் நமக்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை கோவிலைத் தேடி வருகிறவர்கள். ராஞ்சிப் பக்கம் லுத்தரன் மிஷன் 1845-லேயே போய்விட்டது.

பீகார்காரர்களின் கதை வேறு. தீபாவளி கழிந்து ஆறாம் நாள் அவர்களுக்குச் சத் பூஜை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். சொளவில் (முறத்தில்) வாழைக்குலையும் கரும்பும் விளக்கும் வைத்துக்கொண்டு, சூரியன் மறையும் நேரம் தண்ணீருக்குள் நிற்பார்கள். எங்கள் கடலில் அலை பொல்லாதது. அதனால் பங்கு இளைஞர்கள் நாலு பேர் இடுப்பில் வடம் கட்டிப் பக்கத்தில் நின்றார்கள். முடிந்ததும் அவர்கள் கொடுத்த தேக்குவா என்ற கோதுமைப் பலகாரத்தை எல்லோரும் தின்றோம். யார் யாரை மாற்றினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

தனியா இந்திப் பூசை வைக்கலாமா, இல்ல நம்மகூடவே சேரச் சொல்லணுமா? (குளச்சல்)

இரண்டும் வேண்டும். சொந்தப் பாஷையில் ஜெபிக்காத மனசு ஆறாது. துபாய் செயின்ட் மேரிஸ் கோவிலில் தமிழ்ப் பூசை என்றால் நம் பிள்ளைகள் எப்படி ஓடுகிறார்கள்! ஆனால் மாதம் ஒரு இந்திப் பூசையை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஃபேன்கூடப் போடாமல் வைத்துவிட்டு ‘அவங்களுக்குன்னு தனியா இருக்கே’ என்று சொல்வது ஒதுக்கிவைப்பதுதான். பொதுப் பூசையில் ஒரு மன்றாட்டாவது அவர்கள் சொல்லட்டும். அதற்கு செப்டம்பர் கடைசி ஞாயிறு, புலம்பெயர்ந்தோர் தினம் வரை காத்திருக்கவேண்டாம்.

மேஸ்திரி ரெண்டு மாச சம்பளத்தோட ஓடிட்டான். (மார்த்தாண்டம், கட்டட வேலை செய்பவருக்காக அவர் பக்கத்து வீட்டுக்காரர்)

ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய முதலாளிதான் கொடுக்கவேண்டும், சட்டம் அப்படி. வேலை செய்த நாள்களை ஒரு தாளில் எழுதுங்கள். கூட வேலை பார்த்த இருவர் கையெழுத்து, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். குரல் பதிவை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மகன் மீன்பிடிக்க வளைகுடாவுக்குப் போறான். நம்ம ஆளுகளுக்கு யாரு இருக்கா? (தூத்தூர்)

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், சேச்சி. நாமும் போன கூட்டம்தானே. இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கு நம் முப்பாட்டன்மார் போகவில்லையா? 2020-ல் கொரோனா நேரம் ஈரானில் மாட்டிய மீனவர்கள் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பலில் ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் வந்து இறங்கினார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதில் நிறையப் பேர்.

கடலோடிகளுக்கென்றே ஸ்டெல்லா மாரிஸ் என்ற கத்தோலிக்க அமைப்பு 1920-ல் கிளாஸ்கோவில் தொடங்கியது, பல நாட்டுத் துறைமுகங்களில் ஆள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உதவ வேண்டுமென்றால் கையில் தகவல் வேண்டும். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், ஸ்பான்சர் பெயர், போட்டு எண், இவற்றின் நகலை வீட்டில் ஒன்றும் பங்கு அலுவலகத்தில் ஒன்றும் வையுங்கள். குடிபெயர்வு அனுமதி எடுக்கும்போதே பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், விபத்தில் இறந்தால் 10 லட்சம்.

முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கும் இதே உதவிதானா? (பெருமாள்புரம்)

அவர்கள் பாடு வேறு. பாஷை நம்முடையது, குடியுரிமைதான் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை சேரவில்லை. சேசு சபையின் அகதிகள் பணி அமைப்பு தமிழ்நாட்டு முகாம்களில் மாலை வகுப்பு நடத்திவருகிறது. மேல்படிப்புக்கு வழி கேட்க அங்கேதான் தொடங்கவேண்டும்.

எங்க அன்பியத்துல ஜார்க்கண்ட் பையங்க மூணு பேரைச் சேர்க்கணும். எப்படித் தொடங்க? (முட்டம்)

அன்பியம் என்பது பக்கத்து வீடுகள் சேர்ந்து நடத்தும் ஜெபக் குழுதானே. கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு மேல் வையுங்கள், வேலை விட்டுக் குளித்து வர நேரம் வேண்டும். நாற்காலி போட்டு விருந்தாளி மாதிரி உட்காரவைக்காதீர்கள். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தோலுரிக்க ஒரு கத்தியைக் கையில் கொடுங்கள்.

அப்புறம், திருவிழா வரி வாங்குங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் பங்கில் ஜார்க்கண்ட் பையன்கள் மூன்று பேர் மேசைக்கு வந்து, எல்லா வீட்டிலும் வாங்குகிறீர்கள், எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்றார்கள். கணக்கர் வாங்கிக்கொண்டு நோட்டில் ‘பெங்காலி, 3 பேர்’ என்று எழுதினார். அதை அடித்துவிட்டுப் பெயரை எழுதச் சொன்னேன். பெயர் கேட்டு எழுதினார். ஒருவர் எக்கா என்றதும் அது என்ன பேரு என்று சிரித்தார். குலப்பெயர், தங்கள் குடுக் பாஷையில் ஆமை என்று அர்த்தம், அந்தக் குலத்தார் ஆமையைத் தின்னமாட்டார்கள் என்று பையன் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

கணக்கர் பேனாவை மூடினார். “வலையில ஆமை பெட்டா நாங்களும் விட்டிருவோம்னு சொல்லு அவன்ட்ட” என்றார்.