அடியில் கிடப்பது பழையது

கேள்வி: இலங்கையைப் பனிக்கட்டி மூடியதே இல்லை. அப்படியிருக்க, பனியுகத்தில் இங்கே காலநிலை எப்படி இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?
- உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: பனிக்கட்டி வடக்கே கிடந்தது, பிள்ளை. ஆனால் அதற்கான தண்ணீர் கடலிலிருந்துதானே போனது? ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். அது தரையாகிவிட, இந்தியாவுக்கு நடந்தே போயிருக்கலாம்.

காலநிலையைச் சொல்வது மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பின் கறுத்த சேறு. குழாயை நெட்டுக்குத்தாக இறக்கி, சேற்றை வரிசை குலையாமல் எடுக்கிறார்கள். அடியில் கிடப்பது பழையது, மேலே வருவது புதியது. அதற்குள் மகரந்த மணிகள் இருக்கின்றன. அவற்றின் வெளித்தோல் அவ்வளவு உறுதி; காற்றுப் படாத ஈரச் சேற்றில் பல்லாயிரம் ஆண்டு கெடாமல் கிடக்கும். ஒவ்வொரு படையிலும் புல்லின் மணி எத்தனை, காட்டு மரத்தின் மணி எத்தனை என்று நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ண வேண்டும். பொறுமையான வேலை. எனக்கு அந்த எண்ணிக்கை மீது பெரிய மரியாதை உண்டு. புற்களின் மணிகள் பெரும்பாலும் ஒரே சாயல் என்பதால், புல்வெளி இருந்தது என்று சொல்லலாம், எந்தப் புல் என்று சொல்வது கடினம்.

சேற்றின் வயதைச் சொல்வது காபன் 14 என்ற கதிரியக்கக் காபன். அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதால், ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரை கணக்கிடலாம். அந்தச் சேறு 24,000 ஆண்டுக் கதையைச் சொல்கிறது: பனியுகத்தின் உச்சத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தளர்ந்து, மலைநாடு வரண்டு, மழைக்காடு சுருங்கியிருந்தது.

கேள்வி: இரத்தினபுரியில் மாணிக்கக் குழி வேலை செய்யும் அண்ணன் ஒரு பெரிய பல்லைக் கொண்டுவந்து தந்தார். கல்போலக் கனக்கிறது. வயதை அறிய முடியுமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பத்து வயதில் மாமாவோடு அப்படியொரு குழிக்குப் போயிருக்கிறேன். மாணிக்கம் கிடைக்கும் சரளைப் படையை அங்கே 'இல்லம்' என்பார்கள். கூடையில் ஏற்றி, ஆற்றுநீரில் அரித்தபோது ஒரு பல் வந்தது. மதிலில் வைத்தார்கள். எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கவலை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இப்படிப்பட்ட குழிகளிலிருந்துதான் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த போல் தெரணியகல நீர்யானை, காண்டாமிருக எலும்புகளைச் சேர்த்தார். இன்று இரண்டுமே இங்கே காட்டில் இல்லை. நீர்யானை இருந்ததென்றால் வற்றாத நீரும் பக்கத்தில் புல்லும் இருந்திருக்க வேண்டும். ஆனால் சரளை ஆறு உருட்டிவந்து போட்டது. வேறுவேறு காலத்து எலும்புகள் ஒரே படையில் கலந்துவிடும். சதுப்புச் சேற்றைப்போல அதை வரிசையாக வாசிக்க இயலாது. குருவிற்றைக்கு அருகே பத்ததொம்ப குகையில் 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித வாழ்வு தெரியவந்தது, மண்ணைப் படை படையாக அகழ்ந்ததால்தான்.

ஆகவே பல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். ஒட்டியிருக்கும் மண் அப்படியே இருக்கட்டும். எந்தக் குழி, எத்தனை அடி, மேலே என்ன மண், கீழே என்ன மண் என்று அண்ணனிடம் இன்றைக்கே கேட்டுத் தாளில் எழுதிப் பல்லோடு வையுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்தே நூதனசாலைக்குக் கொண்டுபோங்கள்.