சின்ன வெப் டூலுக்கு ஐடியா எங்க தேடுறது? சுங்கை சிப்புட் தம்பிக்கு பதில்

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும், சின்னதா ஒரு வெப் டூல் செஞ்சு போடணும். வயசு கால்குலேட்டர், கூட்டுப் பணக் கணக்கு, செம்பனை வெலை, இந்த மூனுல எது எடுபடும்? இல்ல வேற ஐடியா எங்க தேடுறது?"

தம்பி, வயசு கால்குலேட்டர விட்டுருங்க. கூகுள்ல தட்டுனா அது கொட்டிக் கெடக்கு, நீங்க செய்றது பத்தோட பதினொன்னு. கூட்டு, அதாவது ஆளுக்கு கொஞ்சம் பணம் போட்டு மொறை வச்சு எடுக்கிற சீட்டு, ஐடியா கேக்க நல்லாத்தான் இருக்கு, நம்ம அம்மாங்க பழைய டைரியில எழுதி வச்சு ஓட்டுறதுதானே, ஆனா 1971லயே கூட்டு நிதி தடைச் சட்டம் வந்திருச்சு, தொழிலா கூட்டு நடத்துறது இங்க குத்தம், அதுக்கு டூல் செஞ்சு உங்க பேரையும் கீழ போட்டீங்கன்னா வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைதான்.

செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கிற பனை, அதோட வெலைக்கு நானே ஒரு டூல் செஞ்சு பட்டவன். எம்பிஓபி, அதான் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், ஒரு விழுக்காட்டு எண்ணெய்க்கு இவ்வளவுன்னு குலை வெலை போடும்ல, அத ஓஇஆரால, அதாவது குலையிலேர்ந்து எத்தன விழுக்காடு எண்ணெய் கிடைக்குதோ அதால, பெருக்கினா டன்னுக்கு என்ன வரணும்னு தெரிஞ்சிரும். உதாரணத்துக்கு 45 வெள்ளி (ரிங்கிட்), ஓஇஆர் 18னா டன்னுக்கு 810 வெள்ளி. கோடு எழுத அரை நாள் கூட ஆகல. வெலைய நானே கையால மாத்திட்டிருந்தேன், மூனு வாரம் ஒழுங்கா மாத்தினேன், அப்புறம் வீட்ல ஒரு கல்யாணம் வந்துச்சு, அப்படியே மறந்துட்டேன். ஒரு அங்கிள் அந்த பழைய வெலைய பாத்துட்டு குலை ஏத்த வந்த லோரிக்காரர்கிட்ட சண்டைக்கு போயிட்டாரு. அதுலேர்ந்து எந்த ஐடியா வந்தாலும் நான் மொதல்ல கேக்குறது இதான்: ஆறு மாசம் இத தொடாம விட்டா இது பொய் சொல்லுமா? சொல்லும்னா வேண்டாம், இல்லன்னா மாறுற நம்பர பயன்படுத்துறவங்களே தட்டுற மாதிரி வச்சிருங்க.

சரி, ஐடியா எங்க இருக்கு? சம்பளக் காலம் முடிஞ்சு ஏழு நாளுக்குள்ள சம்பளம் போட்டாகணும்னு சட்டம், அதனால மாச ஆரம்பத்துல ஒரு சாயங்காலம் டவுன்ல ஒட்டுக்கடையில, அதான் ரோட்டோர சாப்பாட்டுக் கடையில, போய் உக்காருங்க. தே தாரிக் (ஆத்துன பால் டீ) ஆறிப்போற வரைக்கும் சம்பள சிலிப்ப மேசையில விரிச்சு வச்சுட்டு ஹேண்ட்போன்ல கால்குலேட்டர தட்டிட்டு இருப்பாங்க, "ஓ.டி. (ஓவர்டைம் கூலி) கொறையுதே"ன்னு. யாரு எத திரும்பத் திரும்ப தட்டுறாங்க, எங்க தப்பு பண்றாங்க, அதான் உங்க ஐடியா. 1,700 வெள்ளி சம்பளம்னு வைங்க, 2025லேர்ந்து கொறஞ்சபட்ச சம்பளமே அதுதான். மாச சம்பளத்த 26ஆல வகுத்து, அத 8 மணி நேரத்தால வகுத்து, சாதா நாள் ஓ.டி.ன்னா அதுல ஒன்ற மடங்கு. மணிக்கு 12 வெள்ளி 26 காசு வருது, பத்து மணி நேரத்துக்கு 122 வெள்ளி 60 காசு. ஆனா நெறைய பேரு 30 நாளால வகுக்குறாங்க, அப்ப 106 வெள்ளி 25 காசுதான் வரும், பதினாறு வெள்ளி போச்சு. இந்த 26ம் ஒன்றயும் சட்டத்துல இருக்கிறது, வாரா வாரம் மாறாது, சம்பளத்த அவங்களே தட்டுவாங்க, அதனால என் ஆறு மாச கேள்வியில இது பாஸ். தோட்டத்துல எடைக்கு கூலி வாங்குறவங்களுக்கு கணக்கு வேற, அத பக்கத்துலயே பெருசா எழுதிருங்க.

இதுக்கு இங்கிலீஷ்லயும் மலாய்லயும் டூல் ஏற்கனவே இருக்கு. அதுக்காக பயப்படாதீங்க, ஆளுங்க தேடுறாங்கன்னுதான் அதுக்கு அர்த்தம். கூகுள்ல "கீரா ஓ.டி."ன்னு (ஓ.டி. கணக்கு போடுன்னு அர்த்தம்) மலாய்ல பாதி தட்டிட்டு நிறுத்துங்க, கீழ என்னென்ன வருதுன்னு பாருங்க, அதையெல்லாம் ஆளுங்க கேக்குறாங்க. எத எவ்வளவு தேடுறாங்கன்னு காட்டுற கூகுள் ட்ரெண்ட்ஸ்ல தமிழ்ல தேடுனா வரைபடக் கோடு தரையிலயே கெடக்கலாம், மனச விட்டுறாதீங்க, நம்ம ஆளுங்க தேடுறப்ப மலாய்லதான் தட்டுவாங்க, படிக்கிறப்ப தமிழ் இருந்தா சந்தோஷப்படுவாங்க. உங்க எடம் அங்கதான் இருக்கு.

கோடு எழுத அவசரப்படாதீங்க, மொதல்ல அதே ஒட்டுக்கடையில ஒரு அஞ்சு பேருக்கு கையாலயே போட்டுக் குடுங்க. "நல்லாருக்கு தம்பி"ன்னு சொல்வாங்க, அத கணக்குல எடுக்காதீங்க, நம்ம ஊர்ல யாரு மூஞ்சிக்கு நேரா நல்லால்லன்னு சொல்லுவா. அடுத்த மாசம் கூப்பிடாமலே ரெண்டு பேரு சிலிப்ப தூக்கிட்டு வந்தா, அப்ப உக்காந்து எழுதுங்க. ஒரே ஒரு பக்கம் போதும், வெப் பக்கம் போட எடம் குடுக்கிற கிட்ஹப் பேஜஸ்ல காசில்லாம போடலாம், கணக்கெல்லாம் அவங்க போன்லயே நடக்கும், சம்பளம் எவ்வளவுன்னு வெளிய எங்கயும் போகாது. பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர் எதையும் கேக்காதீங்க.

இன்னொன்னு, பொது விடுமுறைக்கு ஓ.டி. மூனு மடங்கு, உடனே லீவு பட்டியல உள்ள போடலாம்னு கை அரிக்கும். போடாதீங்க, மாநிலத்துக்கு மாநிலம் லீவு வேற, பேராக்குக்கு ஒன்னு கெடாவுக்கு ஒன்னு, வருஷா வருஷம் தேதி வேற மாறும், திரும்பவும் என் செம்பனை வெலை கதைதான். "அன்னிக்கு லீவு நாளா?"ன்னு ஒரு டிக் பாக்ஸ் வைங்க, போதும்.