ஆண்ட்ரூசார்க்கஸ் ஓநாய்க்கு உறவா?

ஆண்ட்ரூசார்க்கஸ் எப்போதோ அழிந்துபோன ஒரு பழங்காலப் பாலூட்டி. படங்களில் அதை ராட்சத ஓநாயாக வரைவதால் இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் ஓநாய்க்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது.

1923-ல் உள் மங்கோலியாவில் கிடைத்தது ஒரே ஒரு மண்டையோடு. நீளம் சுமார் 83 செ.மீ. கீழ்த்தாடை இல்லை, கால் எலும்பும் இல்லை. அதனால் படத்தில் பார்க்கும் உடம்பு முழுக்க ஊகம்!

1924-ல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஆஸ்போர்ன் இதற்குப் பெயர் சூட்டி, மெசோனிக்கிட் என்ற குளம்புள்ள ஊனுண்ணிக் கூட்டத்தில் சேர்த்தார். அப்புறம் எலும்பின் நுணுக்கங்களை ஒப்பிட்டவர்கள் மாடு, பன்றி போன்ற இரட்டைக் குளம்பிகள் பக்கம் நகர்த்திவிட்டார்கள், அதுவும் நீர்யானையும் திமிங்கிலமும் இருக்கும் கிளைக்கு அருகில்.

பல்லைப் பாருங்கள்: நாய், பூனைக்கு இருப்பதுபோல் இறைச்சியைக் கத்தரிக்கும் கடைவாய்ப்பல் இதற்கு இல்லை, மழுங்கிய, நசுக்கும் பற்கள்தான். முழுநேர வேட்டைக்காரன் என்று சொல்லவே எனக்குத் தயக்கம். கிடைத்ததைத் தின்றிருக்கலாம், பன்றி மாதிரி.