காசு கொடுத்துவிட்டால் ரிக்கிங் அவர்களுடையதாகிவிடுமா?

கேள்வி: தூத்துக்குடியில் வீட்டிலிருந்தபடியே முப்பரிமாண வேலைகள் செய்து கொடுக்கிறேன். ஓர் அனிமேஷன் நிறுவனம், தான் உருவாக்கிய தோணி மாதிரியை அனுப்பி, பாயைத் திருப்பினால் கயிறுகள் தாமாக இறுகித் தளரும்படி ரிக்கிங் (மாதிரியை அசைக்க உதவும் உள்கட்டமைப்பு) செய்யச் சொன்னது. ஒரு குறும்படத்துக்கு என்று வாட்ஸ்அப்பில் பேசியதுதான்; ஒப்பந்தம் இல்லை. பேசிய தொகையைத் தந்துவிட்டார்கள். இப்போது என் ரிக்கையும் பைத்தான் ஸ்கிரிப்ட்டையும் சேர்த்து அந்தத் தோணியை இணையத்தில் விற்கிறார்கள். ரிக்கின் அசையும் உறுப்புகளான எலும்புகளுக்கு நான் அவசரத்தில் தவறாக இட்ட ‘கயிரு’ என்ற பெயர்கூட அப்படியே இருக்கிறது. மூன்று மாத உழைப்புக்கு உரிமை கிடையாதா?

பதில்: கூலி கொடுத்த காரணத்தால் மட்டும் பதிப்புரிமை கைமாறாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், படைப்பாளரையே முதல் உரிமையாளர் என்கிறது. சம்பள ஊழியர் பணியின்போது செய்தவை, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், திரைப்படம் போன்றவை விதிவிலக்குகள். உங்கள் வேலை அவற்றுள் அடங்காது என்பதே என் கருத்து. உரிமையை மாற்றித் தருவதாயின், 19ஆவது பிரிவின்படி அது எழுத்தில், உங்கள் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். ‘முழு ஃபைலையும் அனுப்புங்கள்’, ‘சரி’ என்ற வாட்ஸ்அப் உரையாடல் அதற்கு ஈடாகாது.

ஆனால் மூன்று மாத உழைப்பு என்பதை வாதமாக வைக்காதீர்கள். வெறும் உழைப்பு போதாது, குறைந்தபட்சப் படைப்புத்திறன் வேண்டும் என்று 2007இல் மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தோணியில் எந்தக் கயிறு எங்கே கட்டப்படும் என்பது மாலுமிகளின் மரபு. எலும்பை நீட்டிக் கயிற்றை இறுக்குவது ஒரு செய்முறை. இரண்டுக்கும் நீங்கள் உரிமை கோர முடியாது. உங்கள் பிடி வலுவாக இருப்பது ஸ்கிரிப்ட்டில்தான், ஏனெனில் கணினி நிரலைச் சட்டம் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. தோணியின் உடல் அவர்களுடையது என்பதால் முழு மாதிரியை நீங்களும் விற்க முடியாது. குறும்படத்தில் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி இருப்பதாகவே நீதிமன்றம் கொள்ளும். தனியாக விற்பதுதான் அந்த அனுமதியைத் தாண்டியது.

63ஆவது பிரிவில் சிறைத் தண்டனை உண்டு என்பதால் பலர் நேராகக் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். இத்தகைய வழக்கில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. விற்பனையை நிறுத்தவும் வருவாயில் பங்கு தரவும் கோரி வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். பலிக்காவிட்டால், 62ஆவது பிரிவின்படி நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தடை உத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். பதிப்புரிமையைப் பதிவு செய்யாதது தடையாகாது.

அறிவிப்புக்கு முன்பே ஒரு பிரதியை ரசீதுடன் வாங்கி வையுங்கள். தாமாக ரிக் செய்தவர் அதே எழுத்துப் பிழையைச் செய்திருக்க மாட்டார். ஆனால் அறிவிப்பு கிடைத்த அன்றே ‘கயிரு’ ‘கயிறு’ ஆகிவிடக்கூடும்.