பாதி அறுந்த விமானம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் என் மாமனார் ஒரு படம் அனுப்பியிருந்தார். இரண்டாம் உலகப்போர் காலத்து பி-17 குண்டுவீச்சு விமானம். வாலுக்கு முன்னால் கத்தியால் அரிந்ததுபோல் பிளந்திருக்கிறது, ஆனாலும் வானத்தில் பறக்கிறது. கூடவே நீளமான கதை. ஜெர்மன் விமானம் வந்து மோதியதாம், பாராசூட் கயிற்றை வைத்துச் சமாளித்தார்களாம், அந்த நிலையிலும் குண்டு போட்டுவிட்டு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தில் போய் இறங்கினார்களாம். “அந்தக் காலத்துப் பொருளின் தரம்!” என்று முடிகிறது. நான் மெக்கானிக்கல் படித்தவன், நம்ப முடியவில்லை. படமே போலியா? குழுவில் சொல்லலாமா, பேசாமல் இருந்துவிடலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

படம் அசல். கதையில்தான் கலப்படம்.

அந்த விமானத்தின் பெயர் ‘ஆல் அமெரிக்கன்’. அமெரிக்க விமானப்படையின் 97-வது குண்டுவீச்சுப் பிரிவைச் சேர்ந்தது. 1943 பிப்ரவரி 1 அன்று நடந்த சம்பவம். இங்கிலாந்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் கிளம்பியது அல்ஜீரியாவில் பாலைவன ஓரத்தில் இருக்கும் பிஸ்க்ராவிலிருந்து. இலக்கு பக்கத்து நாடான துனிசியாவின் துனிஸ் துறைமுகம். வட ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மன், இத்தாலியப் படைகளுக்குச் சரக்கு வந்து இறங்கிய இடம்.

குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் மோதல். மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் சண்டை விமானம் ஒன்று நேர் எதிரே சுட்டுக்கொண்டே வந்தது. இப்படி வரும் சண்டை விமானம் கடைசி நொடியில் தலைகீழாகப் புரண்டு கீழே பாய்ந்துவிடும். இது புரளவில்லை. விமானி அதற்குள் குண்டடி பட்டிருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான ஊகம். பி-17-இன் முதுகை உரசிக்கொண்டு வந்து, பின்னுடலைக் குறுக்காகக் கிழித்துவிட்டுப் போய்ச் சிதறியது. இடப்பக்கத்து வால் இறக்கை முழுசாகப் போய்விட்டது. பிளவுக்குப் பின்னால், வாலின் கோடியில், சாம் சார்ப்போலஸ் என்ற துப்பாக்கி வீரர் உட்கார்ந்திருந்தார். அவரையும் விமானத்தையும் இணைத்துக்கொண்டிருந்தது மிச்சமிருந்த கொஞ்சம் தகடும் சில சட்டங்களும்தான்.

எப்படி விழாமல் இருந்தது என்பது உங்களுக்கு எளிதில் புரியும். பி-17-இன் பின்னுடல் ஒற்றை முதுகெலும்பை நம்பி நிற்பதில்லை. வளையச் சட்டங்கள், நீளவாட்டுக் கம்பிகள், மேலே போர்த்திய அலுமினியத் தகடு எல்லாம் சேர்ந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பாதி போனால் மீதி கொஞ்ச நேரம் தாங்கும், யாரும் அதை உலுக்காமல் இருந்தால். விமானி கென்ட்ரிக் பிராக் அதைத்தான் செய்தார். பெரிய திருப்பம் இல்லை, வேகம் இல்லை. கூட வந்த விமானங்களும் வேகத்தைக் குறைத்து, எதிரி விமானங்களின் எல்லையைத் தாண்டும்வரை அவரைச் சுற்றியே பறந்தன. நீங்கள் பார்த்த படம் அப்படிக் கூட வந்த ஒரு பி-17-லிருந்து எடுத்தது. பிஸ்க்ராவில் வால் சக்கரம் வேலை செய்யாமல், பின்பக்கம் தரையில் தேய இறங்கினார்கள். பத்துப் பேர், ஒருவருக்கும் காயம் இல்லை. விமானத்தையும் பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள்!

இனி அந்த இங்கிலாந்து. துனிஸிலிருந்து பிஸ்க்ரா சுமார் 450 கிலோமீட்டர். லண்டன் 1,800 கிலோமீட்டர், நடுவே ஜெர்மானியர் கையில் இருந்த பிரான்ஸ் முழுக்க. இந்தக் கதையின் சில வடிவங்களில் கால்வாய்க்கு மேல் பி-51 மஸ்டாங் என்ற அமெரிக்கச் சண்டை விமானம் துணைக்கு வந்ததாகவும் இருக்கிறது. மஸ்டாங் பி-17-களுக்குக் காவலாக வரத் தொடங்கியதே அந்த ஆண்டு டிசம்பரில்தான். இதையெல்லாம் யார் எதற்காகச் சேர்த்தார்களோ! பாதி அறுந்த வாலோடு ஒன்றரை மணி நேரம் பறந்தது போதாதா?

எனக்கு எரிச்சலூட்டுவது அந்தக் கடைசி வரிதான், “பொருளின் தரம்”. அதே 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்து பேரிங் தொழிற்சாலைகளைத் தாக்க 291 பி-17-கள் போயின. 60 திரும்பவில்லை. எல்லாம் அதே தயாரிப்பு, அதே சட்டம், அதே தகடு. விமானத்துக்குப் பத்துப் பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் பாராசூட்டில் குதித்துப் போர்க்கைதி ஆனார்கள், பலர் செத்தார்கள். அந்த விமானங்களுக்கு ஆல் அமெரிக்கனைப் போல நிதானமாகப் படம் எடுக்க யாரும் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தாலும் மாமனார்கள் பகிர மாட்டார்கள்.

இந்தக் கோணத்தை அப்போதே கணக்காகப் போட்டவர் ஒருவர் உண்டு. ஆபிரகாம் வால்ட், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய போர்க்காலப் புள்ளியியல் குழுவில் இருந்தவர். திரும்பி வந்த விமானங்களில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை வைத்து, திரும்பாதவை எங்கே அடிபட்டிருக்கும் என்று கணிக்கும் முறையை 1943-இல் எழுதினார். எஞ்சினில் ஓட்டையோடு அதிகம் வரவில்லை என்றால் எஞ்சினில் யாரும் சுடவில்லை என்று அர்த்தமல்ல, அங்கே அடிபட்டவை ஊர் வந்து சேரவில்லை. (சிவப்புப் புள்ளி வைத்த விமானப் படம் ஒன்று அவர் பெயரில் சுற்றுகிறது. அதுவும் அவர் வரைந்ததல்ல, பிற்காலத்துக் கற்பனை. இந்த விஷயத்தில் வாட்ஸப்புக்கு ஓய்வே கிடையாது.) இந்திய அரசின் அழைப்பில் விரிவுரையாற்ற வந்திருந்த வால்ட் 1950 டிசம்பரில் மனைவியோடு பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம் மோதியது. இருவரும் இறந்தார்கள். உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அதிக தூரமில்லை.

சரி, குழுவில் சொல்லலாமா? சொல்லுங்கள். ஆனால் “போலி” என்று ஆரம்பிக்காதீர்கள். “படம் உண்மைதான் மாமா, ஆனால் இறங்கியது இங்கிலாந்தில் இல்லை, அல்ஜீரியாவில்” என்று ஆரம்பித்தால் அவரும் ஜெயித்த மாதிரி இருக்கும், மீதியையும் வாசிப்பார். ஷ்வைன்ஃபுர்ட் கணக்கை அடுத்த செய்தியில் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.