மெனு வருகிறது, அப்புறம் திரை கருப்பு!

கேள்வி: பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போல ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டு பூட் செய்தால் மெனு வருகிறது, என்டர் தட்டியதும் திரை கருப்பாகிவிடுகிறது. புது என்விடியா கிராபிக்ஸ் கார்டு பழுதா?

பதில்: மெனு தெளிவாகத் தெரிகிறது என்றால் கார்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். லினக்ஸோடு வரும் நூவோ டிரைவருக்குப் (கார்டை இயக்கும் மென்பொருள்) புதிய என்விடியா கார்டுகளோடு சில சமயம் ஒத்துப்போகாது, அதுதான் பிரச்சினையாக இருக்கும். அதே மெனுவில் ‘கம்பேட்டிபிலிட்டி மோட்’ என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் இன்ஸ்டால் செய்யுங்கள். திரை கொஞ்சம் மங்கலாக, எழுத்து பெரிதாகத் தெரியும். பரவாயில்லை.

இன்ஸ்டால் முடிந்து முதல்முறை திறக்கும்போது மறுபடி கருப்பாகலாம். ரீஸ்டார்ட் செய்து, மதர்போர்டு லோகோ மறைந்ததும் எஸ்கேப்பை ஒருமுறை தட்டினால் க்ரப் (GRUB) என்ற பூட் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ரிகவரி மோட், பிறகு ரெஸ்யூம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் வந்ததும் டிரைவர் மேனேஜரில் ‘ரெகமண்டட்’ என்று போட்டிருக்கும் என்விடியா டிரைவரை ஏற்றிவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் மதர்போர்டு பாதுகாப்பு) ஆனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அடுத்த பூட்டில் நீலத் திரை ஒன்று வரும். பயந்துபோய் ‘கன்டினியூ பூட்’ அழுத்தினால் டிரைவர் லோடு ஆகாது. ‘என்ரோல் மாக்’ (Enroll MOK, டிரைவருக்கான சாவியைப் பதிவு செய்வது) தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்ல, கார்டில்தான் செருகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.