கரையில் நின்று தூண்டில் போடுகிறீர்களா? எந்தக் குறடு, எந்த நரம்பு, முள் குத்தினால் என்ன செய்வது

கேள்வி: இணையத்தில் 499 ரூபாய்க்கு அலுமினிய மீன்பிடிக் குறடு வாங்கினேன். 'எதையும் வெட்டும்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். 5/0 அளவு தூண்டில் முள்ளை வெட்டிப் பார்த்தேன். முள் அப்படியே இருக்கிறது, குறட்டின் வாய்தான் உடைந்துவிட்டது. தப்பு என்னுடையதா, பொருளுடையதா? (கடலூர் வாசகர்)

பதில்: விளம்பரத்தின் தப்பு. அந்தக் குறடுகளின் வாயில் பதித்திருக்கும் இரண்டு சிறு தகடுகள் பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு. பிரெய்டு நூலை (இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நூல்) நறுக்கென்று நறுக்கும். ஆனால் மிகக் கடினமான பொருள் என்பதால் வளையாது, சில்லாகப் பெயரும். தூண்டில் முள்ளோ கடினப்படுத்திய எஃகுக் கம்பி. அதை வெட்டக் கொடுத்தால் தகடுதான் போகும்.

நூலுக்கு ஒரு கருவி, முள்ளுக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முள்ளுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 8 அங்குல போல்ட் கட்டர் போதும். சைடு கட்டர் வாங்குவதானால், அட்டையில் செம்புக் கம்பிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடினக் கம்பி அல்லது பியானோ ஒயருக்கு எத்தனை என்று பாருங்கள். அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. நீங்கள் போடும் முட்களில் தடிமனானதைக் கடைக்கே எடுத்துப்போய், துணியில் சுற்றி வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். துணி இல்லாமல் வெட்டினால் துண்டு கண்ணுக்குத்தான் பறக்கும். ராடுக்கு ஐயாயிரம் செலவழித்துவிட்டுக் கட்டருக்குக் கணக்குப் பார்ப்பவர்கள்தான் அதிகம். முதலில் வாங்க வேண்டியது கட்டர். உப்புக்காற்றில் அது துருப்பிடிக்கும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற: விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். இறக்குமதியான பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பொருளின் திறனைப் பொய்யாகச் சொல்வது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம். விற்பனையாளர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அப்படியும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: விரலில் எதிர்முள் (முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) வரை ஏறிய தூண்டிலைக் கரையிலேயே எடுக்கலாமா? குறட்டால் பிடித்து இழுத்தால் உயிர் போகிறதே! (எண்ணூர் வாசகர்)

பதில்: வந்த வழியே நேராக இழுத்தால் எதிர்முள் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். அதனால்தான் அந்த வலி.

எங்கே குத்தியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கண், இமை, முகம், கழுத்து, விரல் மூட்டு, மணிக்கட்டின் உட்புறம் என்றால் கைவைக்க வேண்டாம். விரல் மரத்துப்போயிருந்தாலோ மடக்க முடியாவிட்டாலோ அதுவும் மருத்துவமனை வேலைதான். முள் அசையாதபடி ஒட்டி, அப்படியே கிளம்புங்கள். கண்ணில் குத்தியிருந்தால் அழுத்திக் கட்டக் கூடாது. ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து, விளிம்பு எலும்பில் படும்படி ஒட்டுங்கள்.

விரல் சதை, உள்ளங்கைப் பக்கவாட்டு, முன்கை போன்ற இடங்களில் மேலாகக் குத்தியிருந்தால் நூல் கட்டி இழுக்கும் முறை பலன் தரும். முள்ளை, அதில் தொங்கும் நரம்பு (நைலான் தூண்டில் நூல்), ஈயம், லூர் (செயற்கை இரை) எல்லாவற்றிலிருந்தும் முதலில் வெட்டிப் பிரியுங்கள். மும்முனை முள்ளாக இருந்தால் வெளியே நிற்கும் மற்ற இரண்டு முனைகளையும் கட்டரால் நறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இழுப்பவர் கையில் ஏறும். இரண்டடி நீளத்துக்குக் கெட்டியான நரம்பை இரண்டாக மடித்து, முள்ளின் வளைவில் நடுவாக மாட்டி, நுனிகளை இழுக்கும் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். குத்துப்பட்ட கை பெட்டி மேலோ பாறை மேலோ ஆடாமல் இருக்கட்டும். இழுப்பவரே தன் மற்றக் கை விரலால், முள்ளில் நரம்பு கட்டும் காதுப் பக்கத்தைத் தோலோடு ஒட்ட அழுத்த வேண்டும். உள்ளே மாட்டியிருக்கும் எதிர்முள் சதையை விட்டு விலகுவது இந்த அழுத்தத்தால்தான். அழுத்தத்தை விடாமல், தண்டுக்கு இணையாக, தோலை ஒட்டிப் பின்பக்கம் ஒரே வெடுக்கென்று இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தாலோ, தயங்கித் தயங்கி இழுத்தாலோ வராது. முள் பறக்கும் திசையில் யாரும் நிற்கக் கூடாது. ஒருமுறை வரவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை என்று பொருள். இரண்டாவது முறையும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். காது மடல் போல ஆடும் சதைக்கு இந்த முறை ஆகாது. முனையை மறுபக்கம் தள்ளி வெளியே எடுத்து, எதிர்முள்ளை வெட்டிவிட்டுத் திரும்ப உருவுவதும் உண்டு. அது மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்ய வேண்டியது, மருத்துவரிடம் விடுங்கள்.

எடுத்த பிறகு கடல்நீரில் கழுவுவது பழைய பழக்கம். வேண்டாம், குடிதண்ணீரில் நன்றாகக் கழுவிப் போவிடோன் அயோடின் போடுங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு உப்புநீர்க் கிருமிகள் சில மணி நேரத்திலேயே ஆபத்தாகலாம். சிவப்பு பரவினால், கொப்புளம் கண்டால், காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கெளுத்தி மீன் மாட்டினால் தூண்டில் முள்ளைக் கழற்றத் தனிக் கருவி வாங்க வேண்டுமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: வேண்டாம், 8 அங்குல நோஸ் பிளையர் போதும். 6 அங்குலம் என்றால் கை மீனுக்கு மிக அருகே போய்விடும். கடல் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். ரம்பம் போன்ற பல், கூடவே விஷம். மீனைத் தொடவே வேண்டாம். ஒரு கையால் நரம்பைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் தூண்டில் முள்ளின் வளைவைப் பிளையரால் கவ்வி, முனை கீழே பார்க்கும்படி திருப்பி உதறுங்கள். மீன் தன் கனத்தாலேயே விழும். விழும் இடத்தில் உங்கள் கால் இருக்கக் கூடாது. செருப்புப் போட்ட காலால் மிதித்துப் பிடிப்பதும் உதவாது. முதுகு முள் ரப்பரைத் துளைத்துவிடும். மீன் தூண்டிலை விழுங்கியிருந்தால் வாயோரம் நரம்பை நறுக்குங்கள்.

கெளுத்தி குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். சூட்டில் அந்த விஷம் செயலிழக்கும். டீக்கடை வெந்நீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள்; குத்துப்படாத கையை விட்டுச் சூடு பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். மோதிரத்தை உடனே கழற்றுங்கள். ஒரா, திருக்கை மீன்கள் குத்தினாலும் இதுவேதான். ஆனால் திருக்கை முள் வயிற்றிலோ மார்பிலோ நின்றால் பிடுங்காமல் 108ஐ அழையுங்கள். கெளுத்திக்குப் பயந்துவிட்டுக் கொடுவாயின் செவுளில் விரல் விடுகிறவர்களும் உண்டு. அதன் செவுள் மூடி பிளேடு.

கேள்வி: ரீலில் 20 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு, 100 கிராம் ஈயக்குண்டு. வீசும்போது இருமுறை அறுந்து ஈயம் பறந்தது. விலை உயர்ந்த பிரெய்டு வாங்கினால் சரியாகுமா? (மாமல்லபுரம் வாசகர்)

பதில்: ஆகாது. பிரெய்டுக்கும் ஈயத்துக்கும் நடுவே தடித்த நரம்பு கட்ட வேண்டும். ஈயத்தின் ஓர் அவுன்சுக்கு 10 பவுண்டு என்பது கணக்கு. ஓர் அவுன்ஸ் 28 கிராம். உங்கள் 100 கிராமுக்கு 40 பவுண்டு நரம்பு வாங்குங்கள். நீளம் ராடின் இரண்டு மடங்கு. வீசத் தயாராக நிற்கும்போதும் ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) ஐந்தாறு சுற்று அந்த நரம்பே இருக்க வேண்டும். அப்போது விரல் பிடிப்பதும் தடித்த நரம்பையே, பிரெய்டு சதையை அறுக்காது. வீச்சின் நடுவில் ரீலில் நரம்பை வழிநடத்தும் வளைந்த கம்பி தானாக மூடிக்கொண்டாலும் ஈயம் அறுந்து பறக்கும். அப்படி இருந்தால் மாற்ற வேண்டியது ரீல்.

கேள்வி: கடலரிப்பைத் தடுக்கப் போட்ட 'தூண்டில் வளைவு' தடுப்பின் பாறைக் கற்களில் முள் சிக்கினால்? (ராயபுரம் வாசகர்)

பதில்: ராடை வளைத்து இழுக்காதீர்கள். விடுபட்டால் ஈயம் நேராக முகத்துக்கு வரும். ராடைக் கடலை நோக்கி நேராக நீட்டி, ஸ்பூலைத் துணியால் அழுத்திப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லப் பின்னால் நகருங்கள். பின்னால் பாசி படிந்த கல் என்றால் நகரவும் வேண்டாம். நரம்பை ஒரு கட்டையில் நாலைந்து சுற்றுச் சுற்றி, நின்ற இடத்திலிருந்தே இழுங்கள். வெறுங்கையில் சுற்றினால் விரல் போகும்.

கேள்வி: எதிர்முள் இல்லாத தூண்டில் தனியாக விற்கிறார்கள், இரட்டை விலை. வாங்கலாமா?

பதில்: வீண் செலவு. இருக்கும் முள்ளின் எதிர்முள்ளை நோஸ் பிளையரால் நசுக்குங்கள். பஞ்சில் குத்தி இழுத்தால் மாட்டாமல் வர வேண்டும். நரம்பைத் தளரவிடாத வரை பெரும்பாலும் மீன் கழன்று போவதில்லை.